பழைய வேட்டி இருக்கிறதா?

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை மதியம் எங்கள் மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் வீடு மன்னார்குடியில், தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பிறந்து மூன்று நாளான பிள்ளையை மடி மாற்றி மடி வைத்துக்கொண்டு, நானும் மனைவியும் அத்தையும் அந்த இரவை உட்கார்ந்தே கழித்தோம். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்ட சத்தத்தில் நாங்கள் மூவரும் நடுங்கினோம். அவள் மட்டும் தூங்கினாள். விடிந்து கதவைத் திறந்தால் தெருவைக் காணவில்லை, மரங்கள்தான் கிடந்தன. எங்கள் வீட்டு விளக்கு மறுபடி எரிய 12 நாள் ஆயிற்று.

அந்த 12 நாளில், பிரசவத்துக்கு முன் நான் பெருமையாகத் தயாரித்த பட்டியலின் நிறம் வெளுத்தது.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. என் மனைவியின் அம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் அம்மாவும் இல்லை. ஆகவே பிள்ளை வரும் வீட்டை ஆயத்தம் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான்; பட்டியல் போடுவது கைவந்த கலை. கைப்பேசியில் தேடி, தஞ்சாவூரில் ஒரு கடையில் விசாரித்து 31 பொருள்கள் எழுதினேன். மின்சாரத்தில் ஓடும் புட்டி சுத்திகரிப்பான், நான்கு பால் புட்டிகள், மின்சாரப் பால் பம்பு, தலையணையோடு கூடிய மெத்தை, குடைக் கொசுவலை, டயாபர், ஈரத் துடைப்பான், பவுடர், கையுறை, காலுறை, தொப்பி, குளிக்கும் தொட்டி, வெப்பமானி, நகவெட்டி என்று போயிற்று அது.

ஏழாம் மாதம் முடிந்ததும் முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை. பட்டியலை முழுவதும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. பழைய வேட்டி இருக்கிறதா?" என்றார்.

என்னிடம் கல்யாணங்களுக்குக் கட்டும் வேட்டி இரண்டு இருந்தன. கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நைலான் கலந்தது, தண்ணீர் இழுக்காது" என்று தள்ளிவிட்டார். அடுத்த முறை வரும்போது ஒரு மஞ்சள் பையில் மாமாவின் வேட்டிகள் எட்டைக் கொண்டுவந்தார். மாமா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, நூல் இளகி மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டிகள். நான்கை அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, சதுரம் சதுரமாகக் கையாலேயே கிழித்தார். ஒரு வேட்டிக்கு 12 துண்டு, மொத்தம் நான்கு டஜன். மீதி நான்கை முழுதாகவே வைத்தார்: போர்த்த, விரிக்க, துவட்ட, தூளி கட்ட.

புதுத்துணி ஏன் ஆகாது என்று கேட்டேன். புதிதில் கஞ்சி இருக்கும், ஈரத்தை இழுக்காமல் வெளியே வழியவிடும், பச்சைத் தோலை உரசும் என்றார். நான்கு டஜன் எதற்கு என்றதற்கு அவர் சொன்ன கணக்கைத்தான் நான் இன்று வரை எல்லோருக்கும் சொல்கிறேன். "பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு இருபது துணி நனைக்கும். கார்த்திகை மழையில் துணி காய இரண்டு நாள் ஆகும். நீதான் கணக்கு எழுதுகிறவனாயிற்றே, பெருக்கிக்கொள்." கோடையில் பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு டஜன் தாராளம். துணியின் எண்ணிக்கையை மாதத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதைக் கைப்பேசியில் எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம் எங்களைச் சோதித்தது. பிள்ளை பிறக்கும் முன் புதுப்பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். வாதாடிப் பயனில்லை. நான் வாங்கிய 31 பொருள்களையும் மூன்று தெரு தள்ளி நண்பன் வீட்டில் வைத்தேன். மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது, மழையிலும் புயல் எச்சரிக்கையிலும் மறந்தே போயிற்று. வெள்ளிக்கிழமை காலை நானும் நண்பனும் விழுந்து கிடந்த வேப்பமரங்களின் மேல் ஏறி இறங்கி, தலையில் அட்டைப்பெட்டியோடு ஊர்வலம் போனோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தை இருந்தால், பொருளைப் பக்கத்து வீட்டிலாவது வையுங்கள். மூன்று தெரு அதிகம்.

பெட்டியைப் பிரித்தபோதுதான் உறைத்தது. விலை அதிகமான பொருள்கள் எல்லாமே மின்சாரத்தில் ஓடுகிறவை. சுத்திகரிப்பான் அலமாரிக்கு மேலே போயிற்று. பம்பும் பின்னாலேயே போயிற்று.

அப்படியானால் கடைப்பொருள் எல்லாமே வீணா என்றால், அதுவும் இல்லை. கொசுவலை இல்லாவிட்டால் நாங்கள் பைத்தியமாகியிருப்போம். புயலுக்குப் பின் தேங்கிய தண்ணீரில் கொசு மேகமாகக் கிளம்பியது. பச்சைக் குழந்தை இருக்கும் அறையில் கொசுவர்த்தி ஏற்றுவதும் கூடாது. டயாபரை நான் வாங்கியபோது அத்தை முகம் சுளித்தார். ஆனால் மோட்டார் ஓடாமல், தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த முதல் நான்கு நாளில், "ராத்திரிக்கு அதையே கட்டு" என்று அவரே சொன்னார். துவைக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் துணியின் பெருமை பேசி என்ன செய்வது? ஆகவே இரண்டும் வேண்டும்: பகலுக்குத் துணி, இரவுக்கும் வெளியே போவதற்கும் பிறந்த குழந்தை அளவில் ஒரு பொட்டலம் டயாபர். ஒரு பொட்டலத்துக்கு மேல் அந்த அளவில் வாங்காதீர்கள்; பிள்ளை வளர்ந்துவிடும். பவுடரை இரண்டு பிரசவத்திலும் பிரிக்கவே இல்லை, மருத்துவரே வேண்டாம் என்றார். தலையணையும் வேண்டாம் என்றார்: குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், முகத்தருகே மெத்தென்ற எதுவும் இருக்கக்கூடாது. அத்தை தைத்து வைத்திருந்த கடுகுத் தலையணை அப்படியே என் தலைக்கு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

துணி காய்ந்த கதையைச் சொல்ல வேண்டும். மழை விட்டும் விடாமலும் பெய்தது. சமையலறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினோம். முக்கால் ஈரத்தோடு தொங்கிய துணிகளைப் பார்த்து மனைவி அழுதுவிட்டாள். பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் அழுகைக்குப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை. தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் பெரியவர் ஞாபகம் வந்தது. அவருடையது கரிப் பெட்டி. நான்கு டஜன் துண்டுகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆவி பறக்கத் தேய்த்து, சூட்டோடு அடுக்கிக் கொடுத்தார். ஊரே இருட்டில் கிடந்தபோது எங்கள் மகள் இஸ்திரி போட்ட கோவணம் கட்டினாள்.

இனி, நான் இன்னும் வெட்கப்படுகிற இடம்.

சனிக்கிழமை காலை மனைவி தயங்கித் தயங்கி, மருத்துவமனையில் கொடுத்த பெரிய அளவு நாப்கின் தீர்ந்துவிட்டது என்றாள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு சில வாரங்கள் இருக்கும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியவே தெரியாது. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 31 பொருளில் ஒன்றுகூட அவளுக்கானது இல்லை. முன்பக்கம் திறக்கும் இரவு உடை இல்லை. முதுகுக்கு அண்டக் கொடுக்கத் தலையணை இல்லை. தையல் போட்ட உடம்பு உட்கார்ந்து எழ வசதியான நாற்காலி இல்லை. பால் கொடுக்க உட்கார்ந்ததும் தாகம் எடுக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர்ப் பாத்திரம்கூட நான் யோசித்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு முன் அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருந்தது. அவர்தான் மிச்சமிருந்த நாப்கின்களைக் கொடுத்தார். கூடவே, அங்கே தந்த அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தையும் காட்டினார். 2015இல் தொடங்கிய திட்டம் அது. 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள். துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை. அவற்றோடு கை கழுவும் திரவம், தாய் குளிக்க ஒரு சோப்பு, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். அரசாங்கம் போட்ட பட்டியலுக்குத் தாயின் நினைப்பு இருந்திருக்கிறது. புருஷன் போட்ட பட்டியலுக்கு இல்லை.

அவளுக்குச் சாப்பாடு விஷயத்தில் அத்தைதான் காப்பாற்றினார். வரும்போதே பூண்டு இரண்டு கிலோ, பிரசவ மருந்துப் பொடி, நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார். விழுந்து கிடந்த முருங்கையிலிருந்து கீரை உருவிக்கொண்டே இருந்தார். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், இரண்டாவது எரிவாயு உருளையை முன்கூட்டியே நிரப்பி வைத்ததுதான். வெந்நீர் இல்லாமல் பிள்ளை பெற்ற வீடு நடக்காது.

நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, பிள்ளையால் வாய் வைக்க முடியாமல், இருவரும் சேர்ந்து அழுதார்கள். மின்சாரப் பம்பு அலமாரியிலிருந்து வேடிக்கை பார்த்தது. மருத்துவமனையில் செவிலியர் கையாலேயே பால் பீய்ச்சக் காட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பத்து நிமிடப் பாடம் நாலாயிரம் ரூபாய்ப் பொருளைவிடப் பெரிதாக நின்றது. வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி, கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் மார்பு இளகும், அப்புறம் குழந்தை தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சிய பாலை எவர்சில்வர் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், புகட்டினோம். பாத்திரக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிற சமாச்சாரம். மூடிய பாத்திரத்தில் போட்டு பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் போதும், இண்டு இடுக்கு கிடையாது. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பாலை வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். குளிர்பெட்டி செத்துக் கிடந்ததால் அவ்வப்போது எடுத்ததை அவ்வப்போதே கொடுத்தோம். நான்கு புட்டிகளும் தொடப்படவில்லை. பால் புட்டிக்கும் பால் மாவுக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைக்குச் சாமான் வாங்க வந்தவன் கூடையில் கடைக்காரர் புட்டியைத் தானாகவே எடுத்துப் போடுகிறார். நாமும் அது இல்லாவிட்டால் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறோம். மருத்துவர் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம், எங்கே போய்விடப்போகிறது?

பட்டியலில் வராத இன்னொன்று வெளிச்சம். மெழுகுவர்த்தி ஒளியில் எல்லோரும் மஞ்சளாகத்தான் தெரிவார்கள். ஆறாம் நாள் காலை பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் நெஞ்சு வரை மஞ்சள் பூத்திருந்தது தெரிந்தது. நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தோம். அழுத்திய இடம் மஞ்சளாகவே இருந்தது. கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்து கிடந்ததால் யாரையும் கேட்க முடியவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் மரம் அறுத்த வழிகளில் சுற்றிச் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறாள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நாட்காட்டியின் ஓரத்தில் ஒவ்வொரு ஈரத்துணிக்கும் ஒரு கோடு கிழித்து வந்தேன். முந்தைய நாள் ஒன்பது கோடுகள். முதல் நாட்களின் தார் போன்ற கறுப்பு மலம் மாறி மஞ்சளாகிவிட்டதையும் குறித்திருந்தேன். எடை பிறந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. முதல் வாரத்தில் அப்படிக் குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும் என்றார். இரத்தப் பரிசோதனையில், பிள்ளையைச் சிகிச்சை விளக்கின் ஒளியில் வைக்கும் அளவுக்கு மஞ்சள் காமாலை இல்லை. அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லி, மறுநாள் காட்டச் சொல்லி அனுப்பினார். காலை வெயிலில் காட்டினால் போதுமா என்று அத்தை கேட்டதற்கு, வெயிலை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

வெள்ளை ஒளி தரும் டார்ச் ஒன்று, மாற்று பேட்டரிகள், ஒரு நோட்டு, ஒரு பேனா. அன்றிலிருந்து இவை என் பட்டியலின் தலையில் இருக்கின்றன.

அத்தைக்கும் எனக்கும் சண்டை வராமல் இல்லை. அவர் எல்லாவற்றிலும் சரி என்று நான் எழுதினால் அவரே சிரிப்பார். பிறந்ததும் சேனை தொட வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோடு மருத்துவமனைக்கே வந்துவிட்டார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கூடாது என்று செவிலியர் சொன்னபின்தான் கிண்ணத்தை மூடினார். தொப்புள்கொடியில் மஞ்சளும் சாம்பலும் பூசப் பார்த்தார். எதுவும் பூசாமல் காயவிட்டோம், ஒன்பதாம் நாள் தானே விழுந்தது. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை ஒரேயடியாக மறுத்துவிட்டேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். வசம்பைக் கையில் கட்டுவதற்குப் பதில் தூளிக் கயிற்றில் கட்டலாம் என்று சமாதானம் ஆயிற்று. பிள்ளையின் வாய்க்கு எட்டாது, அத்தையின் மனதுக்கு எட்டும்.

ஆனால் குளிருக்கு அவர் சொன்னதும் மருத்துவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. மழைக்காற்றில் பிள்ளையின் பாதம் சில்லிட்டபோது, வெப்பமானியை அக்குளில் வைத்தால் 97 காட்டியது. 97.7க்குக் கீழே போனால் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். துணியை விலக்கித் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்ட வைத்து, மேலே மாமாவின் வேட்டியைப் போர்த்தினார் அத்தை. அரை மணியில் பாதம் கதகதப்பாயிற்று. மனைவி களைத்தபோது நான் சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா உடம்பும் சூடுதான். முதல் பத்து நாள் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டவில்லை; வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்தோம். குளிக்கும் தொட்டியில் தண்ணீர் சேமித்து வைத்தோம், அதுவும் ஒரு பயன்தான்.

இரண்டாவது பிள்ளை 2022இல், சித்திரை வெயிலில் பிறந்தான். இந்த முறை பட்டியலை மனைவி எழுதினாள். முதல் பக்கம் முழுவதும் அவளுக்கானவை. இரண்டாம் பக்கத்தில் துணி இரண்டு டஜன், முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டை ஆறு, ரப்பர் விரிப்பு இரண்டு, கொசுவலை, வெப்பமானி, பாலாடை, நகவெட்டி, மணமில்லாத சோப்பு, மூடியுள்ள குப்பைக்கூடை. அவ்வளவுதான். மூன்றாம் பக்கத்தில் ஆட்கள்: முதல் வாரம் இரவில் யார் விழித்திருப்பது, சமையல் யார், பெரியவளைப் பள்ளிக்கு அழைத்துப்போவது யார், வருகிறவர்களிடம் கை கழுவச் சொல்லும் பொல்லாப்பு யாருக்கு. கடைசி வேலை எனக்கு வந்தது.

காகிதங்களையும் ஒரே உறையில் போட்டோம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்றால் கவலை வேண்டாம், 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆனால் பெற்றோர் பெயரின் எழுத்துகளை மருத்துவமனைப் படிவத்திலேயே ஒருமுறைக்கு மூன்றுமுறை பாருங்கள். காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்றும் போட்டதாகத் தடுப்பூசி அட்டையில் குறித்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் மருத்துவமனைப் படியை விட்டு இறங்க வேண்டும்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தோம், இன்னும் கிழிக்கவில்லை. பால் குடிக்க மறுத்தால், மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால், மார்பு உள்வாங்கினால், வலிப்பு வந்தால், சூடு 100.4ஐத் தொட்டால் உடனே மருத்துவமனை. கீழே 108, மருத்துவமனை எண், ஆட்டோக்காரர் எண், அவர் வீட்டு அடையாளம். கைப்பேசி செத்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவதற்கு.

சுத்திகரிப்பானை ஒருமுறை மின்சாரத்தில் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. இப்போது அதற்குள் மனைவி ஊசி நூல் வைத்திருக்கிறாள்.

போன வாரம் அத்தை பேசினார். அவருடைய பேத்திக்கு வைகாசியில் நாள் குறித்திருக்கிறார்கள். மாமாவின் வேட்டிகள் என் இரண்டு பிள்ளைகளோடு நைந்து தீர்ந்துவிட்டன. "உன்னிடம் பழைய வேட்டி இருக்கிறதா தம்பி?" என்றார். இல்லை. ஆனால் வைகாசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கலப்பில்லாத பருத்தியில் எட்டு முழ வேட்டி நான்கு வாங்கிவிட்டேன். கால்சட்டையை மூட்டை கட்டிவிட்டு, அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மாற்றி மாற்றி அவற்றைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். கஞ்சி போடாமல் துவைக்கச் சொல்லியிருக்கிறார்.